ஒருமுறை வேண்டுமென்றே அடுத்த ஸ்டாப்பிங்கில் இறங்கு

கேள்வி: மேடம், எனக்கு 18 வயது. பள்ளி முடியும்வரை அப்பாதான் பைக்கில் கொண்டுபோய் விட்டார். இன்னும் இரண்டு வாரத்தில் கல்லூரி திறக்கிறது, டவுன் பஸ்ஸில்தான் போக வேண்டும். போன மாதம் ஒருநாள் காலையில் தனியாக ஏறிப் பார்த்தேன். கூட்டத்தில் "இறங்கணும்" என்று நான் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை, கதவு மூடிவிட்டது. இரண்டு ஸ்டாப்பிங் தள்ளி இறங்கி அழுதேன். எல்லோரும் என்னையே பார்த்தது போல இருந்தது. யாராவது தொட்டுவிடுவார்களோ என்றும் பயம். பஸ் எனக்கான இடமே இல்லை என்று தோன்றுகிறது. படிப்பு முடியும்வரை நானே விடுகிறேன் என்கிறார் அப்பா. சரி என்று சொல்லிவிடவா? (பெயர் வேண்டாம்)

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அழுததைப் பற்றி நீ எழுதிய இடத்தைவிட, "சொன்னது யாருக்கும் கேட்கவில்லை" என்ற இடத்தில்தான் என் மனசு நின்றது. கல்லூரி மாணவர்களுக்கு மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு வருடமும் முதல் சில வாரங்களில், காலையில் வயிற்றைப் புரட்டுகிறது, முதல் வகுப்புக்கு வரவே முடியவில்லை, எடுத்த பாடம் எனக்குச் சரிப்படவில்லையோ என்னவோ என்று சொல்லிக்கொண்டு வருகிற பிள்ளைகளில் சிலரிடம் பொறுமையாகப் பேச்சுக் கொடுத்தால், பாடத்தில் ஒரு குறையும் இல்லை, வீட்டு வாசலுக்கும் கல்லூரி வாசலுக்கும் நடுவில் இருக்கிற அந்த பஸ்தான் என்று கடைசியில் வெளியே வரும். நெடுநெடுவென்று வளர்ந்த பையன்களும் இதில் உண்டு, அவர்களுக்கு இதைச் சொல்ல இன்னும் கூச்சம். அதனால் "இதெல்லாம் ஒரு விஷயமா" என்று யாராவது கேட்டால் காதில் போட்டுக்கொள்ளாதே.

நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். அப்பாவிடம் சரி என்று சொல்லாதே. வேண்டாம் என்று முகத்தில் அடித்தாற்போலவும் சொல்லாதே, அவரிடம் நீ கேட்க வேண்டிய உதவி வேறு ஒன்று இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

ஏன் சரி சொல்லக் கூடாது என்றால், "இனி பஸ்ஸில் ஏற வேண்டியதில்லை" என்று முடிவான அந்த நிமிடமே உனக்குப் பெரிய நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் ஆபத்து. ஏறாமல் இருந்ததால்தான் தப்பித்தோம் என்று மனசு அதைப் பாடமாக எடுத்துக்கொள்ளும், அடுத்த தடவை பஸ் பேச்சை எடுத்தாலே பயம் இன்னும் ஒரு படி மேலே இருந்து ஆரம்பிக்கும். இன்றைக்கு டவுன் பஸ், நாளைக்கு இன்டர்வியூவுக்குத் தனியாக ரயில், அப்புறம் தெரியாத ஊரில் வேலை என்று அது ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டே போவதை நான் பார்த்திருக்கிறேன். பயம் வந்தபிறகும் அந்த இடத்தை விட்டு ஓடாமல் இருந்தால் அது ஏறி, உச்சத்துக்குப் போய், தானாகவே இறங்கும். இதயம் அந்த வேகத்தில் அடித்துக்கொண்டே இருக்க உடம்பால் முடியாது.

1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் பீட்டர் என்ற சின்னப் பையனைப் பற்றி எழுதினார். மூன்று வயதுகூட நிரம்பாத குழந்தை, முயலைக் கண்டாலே அலறுவான். அவனுக்குப் பிடித்ததைச் சாப்பிடக் கொடுத்து, அவன் சாப்பிடும் நேரத்தில் கூண்டில் அடைத்த முயலை முதலில் தள்ளி வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுவந்து, முடிவில் அவன் அதைத் தடவிக் கொடுக்கும் அளவுக்குப் பயத்தைப் போக்கினார். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது நடுவில் நடந்தது. பீட்டர் காய்ச்சலில் கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுத் திரும்பும்போது பெரிய நாய் ஒன்று மேலே பாய்ந்து மிரட்டிவிட்டது, அதுவரை குறைந்திருந்த பயமெல்லாம் பழையபடி வந்துவிட்டது. இவனுக்கு இது ஒத்துவராது என்று ஜோன்ஸ் விட்டுவிடவில்லை, திரும்ப ஆரம்பித்தார். உனக்குப் போன மாதம் நடந்தது அந்த நாய் மாதிரிதான். அதோடு, முதல் தடவையே தனியாக, அதுவும் காலைக் கூட்டத்தில் ஏறியிருக்கிறாய். முயலை எடுத்த எடுப்பில் மடியில் வைத்துவிட்டாய் மா, அலறல் வராமல் என்ன செய்யும்?

சரி, இப்போது அந்தக் காலைக்கே போவோம். எல்லோரும் உன்னையே பார்த்ததாகச் சொல்கிறாய். கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் கிலோவிச்சும் அவரோடு இருந்தவர்களும் 2000இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். போட்டுக்கொள்ளவே கூச்சமாக இருக்கும் படம் போட்ட டி-ஷர்ட்டை ஒரு மாணவரை அணியச் செய்து, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். வெளியே வந்ததும், எத்தனை பேர் அந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று கேட்டதற்கு, கிட்டத்தட்ட பாதிப் பேர் என்றார்கள் அணிந்தவர்கள். உண்மையில் கவனித்தவர்கள் நாலில் ஒருவர் அளவுக்குத்தான் இருந்தார்கள். நம் மேல் விழுகிற பார்வையை நாம் இரண்டு மடங்காக எண்ணிக்கொள்கிறோம்.

உன் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. நீ இரண்டு ஸ்டாப்பிங் தள்ளி இறங்கினாயே, அது உன் ஸ்டாப்பிங் இல்லை என்று அந்த பஸ்ஸில் யாருக்குத் தெரியும்? அவர்கள் பார்த்தது ஒரு பெண் ஒரு ஸ்டாப்பிங்கில் இறங்கிப் போனதை. அவ்வளவுதான். தவறிப்போனது உனக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

அதனால் உனக்கு நான் கொடுக்கும் முக்கியமான வேலை, ஸ்டாப்பிங்கைத் தவற விடாமல் இருப்பது எப்படி என்பது கிடையாது. தவற விட்டுப் பழகு. கல்லூரி திறப்பதற்குள் மூன்று தடவை போய்வர வேண்டும், மூன்றும் மூன்று விதம்.

முதல் தடவை அப்பாவோடு, கூட்டம் இல்லாத மதிய நேரத்தில். அவரிடம் கேட்க வேண்டிய உதவி இதுதான். கூட வர வேண்டும், ஆனால் உனக்கு இரண்டு மூன்று சீட் பின்னால் உட்கார வேண்டும், டிக்கெட் எடுப்பது, வழி கேட்பது, இறங்குவது எதிலும் வாய் திறக்கக் கூடாது. பைக்கில் கொண்டுபோய் விடுவதைவிட அவருக்கு இது கஷ்டமான வேலை, அதனால் நன்றியோடு கேள். நீ ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே போ. ஸ்டாப்பிங்குகளை எண்ணிக்கொண்டு போகாதே, ஏறவும் இறங்கவும் ஆள் இல்லாத இடத்தில் பஸ் நிற்காமல் போய்விட்டால் எண்ணிக்கை குழம்பிவிடும். உன் ஸ்டாப்பிங்குக்கு முந்தின ஸ்டாப்பிங்கில் கண்ணில் படுகிற மாதிரி என்ன இருக்கிறது, ஒரு பாலமா, தண்ணீர்த் தொட்டியா, பெரிய வளைவா என்று பார்த்து வைத்துக்கொள். அது வந்தால் எழுந்திருக்க வேண்டும், அதுதான் உன் மணி. திரும்பி வரும்போதும் இதே மாதிரி ஒன்றைப் பார்த்து வை. எதிர்த் திசையில் வரும்போது அதே தெரு வேறு தெரு மாதிரி இருக்கும், திரும்புகிற பஸ் நிற்கும் இடமும் நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் தள்ளி இருக்கலாம். போகிற வழியை மட்டும் ஒத்திகை பார்த்துவிட்டு, சாயங்காலம் திரும்பும்போது திணறிப்போகிற பிள்ளைகள் நிறைய.

இரண்டாவது தடவை தனியாக, அதே மதிய நேரம். இந்தத் தடவை உன் ஸ்டாப்பிங் வரும்போது இறங்காதே. எழுந்திருக்கலாம், கதவு வரைக்கும் கூடப் போகலாம், ஆனால் நின்றுகொண்டே உன் ஸ்டாப்பிங் கண் முன்னால் கடந்து போவதைப் பார். வயிறு ஒரு தடவை தூக்கிப் போடும், போடட்டும். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை மெதுவாக, நீளமாகச் செய். நாலு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. அடுத்த ஸ்டாப்பிங்கில் இறங்கு. இறங்கியதும் ஓரமாக நின்று, திரும்ப எத்தனை நிமிடத்தில் உன் கல்லூரி வாசலுக்கு வர முடிகிறது என்று போனில் மணி பார்த்து, நடந்தோ எதிர் பஸ் பிடித்தோ வா. அந்த நிமிடக் கணக்கை ஒரு தாளில் எழுதி வை. பத்து நிமிடம் ஆகலாம், இருபது ஆகலாம். போன மாதம் முதல் உன் மனசு "தவறினால் எல்லாம் போச்சு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது இல்லையா, அதற்கு முன்னால் காட்ட உன்னிடம் ஒரு நம்பர் இருக்கும். என்னிடம் வந்த ஒரு பையன் இதைச் செய்துவிட்டு வந்து, "மேடம், பதினாலு நிமிஷம்தான்" என்றான். பரீட்சை ரிசல்ட் சொல்வது போலச் சொன்னான். அதன் பிறகு அவன் வீட்டை விட்டுப் பதினைந்து நிமிடம் முன்னால் கிளம்புவான், அவ்வளவுதான், வேறு ஒரு மருந்தும் அவனுக்குத் தேவைப்படவில்லை.

மூன்றாவது தடவை காலைக் கூட்டத்திலேயே, கல்லூரி நேரத்துக்கு. தாமதமானால் கேட்க ஆள் இல்லாத நாள் என்பதால் கூட்டத்தை நிதானமாகப் பார்க்க முடியும்.

கூட்டத்தில் நிற்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் பயத்தில் பாதி கால் தடுமாறுவதால் வருகிறது. பஸ் பிரேக் போட்டால் நீ முன்னால் சாய்வாய், கிளம்பினால் பின்னால் சாய்வாய், அதனால் ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக பஸ் போகும் திசையில் அகட்டி வைத்து, முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி நில். இரண்டு காலையும் சேர்த்து விறைப்பாக நின்றால் சின்ன பிரேக்குக்கே தள்ளாடும். பையை முதுகிலிருந்து கழற்றி முன்னால் போட்டுக்கொள், இடமும் மிச்சம், பொருளும் கண்ணெதிரே, முன்பக்கத்துக்கு ஒரு தடுப்பும் ஆச்சு. டிக்கெட்டுக்கோ பாஸுக்கோ பைக்குள் துழாவாமல் ஏறுவதற்கு முன்பே கையில் எடுத்து வை. படிக்கட்டில் மட்டும் நிற்காதே, எவ்வளவு அவசரமானாலும். தலை சுற்றுகிற உடம்பு என்றால் போனைப் பார்க்காதே, கண்ணாடி வழியாகத் தூரத்தில் பார், காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு ஆடுகிறோம் என்று சொல்ல, கண் ஆடவில்லை என்று சொல்ல, அந்தச் சண்டையில்தான் குமட்டல் வருகிறது. பின் சக்கரத்துக்கும் பின்னால் இருக்கிற சீட்டுகள் அதிகம் தூக்கிப் போடும், நடுப்பகுதி தேவலை.

இப்போது அந்த "இறங்கணும்". கூட்டத்தில் இறங்குவது என்பது கதவு திறக்கும்போது தொடங்குகிற வேலை இல்லை, முந்தின ஸ்டாப்பிங்கிலேயே தொடங்கிவிடும். நீ பார்த்து வைத்த பாலம் வந்ததும் எழுந்து, உனக்கு முன்னால் கதவுப் பக்கம் நிற்பவரிடம், "நீங்க இறங்குறீங்களா?" என்று கேள். ஆமாம் என்றால் அவர் பின்னாலேயே போ, இல்லை என்றால் அவரே ஒதுங்கி வழி விடுவார். அப்புறம் அடுத்த ஆளிடம் அதே கேள்வி. ஒரு கையில் கம்பியைப் பிடித்திருக்கும்போதே அடுத்த கம்பியை மறு கையால் பிடித்துவிட்டுத்தான் முதல் கையை எடுக்க வேண்டும், இரண்டு கையும் ஒரே நேரத்தில் காற்றில் இருக்கக் கூடாது. இந்த ஒரு கேள்வியில் என்ன நல்லது என்றால், நீ யாரையும் கெஞ்சவும் இல்லை, தள்ளவும் இல்லை, பஸ்ஸில் போகிற எல்லோரும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்கிறாய்.

அப்படியும் கதவு மூடப் பார்த்தால் சத்தமாக, "ஆள் இறங்கணும், கொஞ்சம் நிறுத்துங்க!" இதை வீட்டில் உரக்கச் சொல்லிப் பழகு. மனசுக்குள் சொல்லிப் பார்ப்பது போதாது. பதற்றத்தில் மூச்சு மேலோட்டமாகிவிடும், காற்று இல்லாமல் சத்தம் வராது, அதனால்தான் அன்றைக்கு உன் குரல் யாருக்கும் கேட்காமல் போயிருக்கும். வீட்டில் ஒரு அறையில் நீ நின்று, அடுத்த அறையில் இருக்கும் அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி இருபது தடவை சொல். இது விளையாட்டு இல்லை, பாடகர்கள் சாதகம் செய்வது போலத்தான்.

இறங்கிய பிறகு ஒன்று. நின்றுகொண்டிருக்கும் பஸ்ஸுக்கு முன்னால் நுழைந்து சாலையைக் கடக்கவே கடக்காதே. பஸ்ஸைத் தாண்டி வருகிற வண்டிக்கு நீ தெரிய மாட்டாய், டிரைவருக்கும் முன்பக்கத்தில் ஒட்டி நடக்கிற ஆள் தெரியாமல் போகலாம். பஸ் போகட்டும்.

நீ கடைசியில் தயங்கித் தயங்கி எழுதிய பயத்துக்கு வருகிறேன். அதை ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டாய், என்னால் ஒரு வரியில் விட முடியவில்லை. கூட்டத்தில் தோள் இடிக்கும், பை இடிக்கும், அது வேறு. யாராவது தொடுவது தற்செயலா வேண்டுமென்றா என்று சந்தேகம் வந்தால் ஓரடி நகர்ந்துவிடு, நகர்ந்த பிறகும் அந்தக் கை வந்தால் சந்தேகம் தீர்ந்தது. அப்போது முகத்தைப் பார்த்து, உரக்க, "கையை எடுங்க". காரணம் கேட்காதே, விளக்கம் சொல்லாதே, இந்த இரண்டு வார்த்தை போதும். அதற்குப் பிறகு உதவி கேட்கும்போது பொதுவாகக் கூட்டத்தைப் பார்த்துக் கேட்காதே. கூட்டம் பெரிதாக இருந்தால் வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று ஒவ்வொருவரும் இருந்துவிடுவார்கள், 1968இல் டார்லி, லத்தானே என்ற உளவியலாளர்கள் செய்த ஆய்விலேயே இது தெளிவாகத் தெரிந்த விஷயம். ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடு. "அக்கா, நான் உங்க பக்கத்துல நின்னுக்கிறேன்." ஒருவரைப் பார்த்துச் சொன்னால் அவருக்கு நகர்ந்து போக மனசு வராது. கண்டக்டர் இருக்கும் பஸ் என்றால் அவரிடம் போ, இல்லாவிட்டால் டிரைவர் பக்கம். பஸ் நம்பரைக் குறித்துக்கொள். போலீஸ் உதவி எண்ணும் பஸ் நிர்வாகத்தின் புகார் எண்ணும் இப்போதே போனில் பதிந்து வை.

இதெல்லாம் அந்த நேரத்தில் வராமல் உடம்பு கல்லாகி நின்றுவிடவும் கூடும். நிறையப் பேருக்கு அப்படித்தான் ஆகும், அது பயத்துக்கு உடம்பு காட்டுகிற எதிர்வினை, சம்மதமும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. ஏன் கத்தவில்லை என்று பிறகு உன்னை நீயே கேட்டுக்கொள்ளாதே, தவறு செய்தவர் வேறு ஒருவர். ஆனால் வீட்டில் சொல். இங்கேதான் பெண் பிள்ளைகள் பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள், சொன்னால் இனி பஸ்ஸில் போகாதே என்பார்கள், படிப்பையே நிறுத்தினாலும் நிறுத்துவார்கள் என்று. அதனால் முதல் நாளே அப்பாவிடம் பேசி வைத்துக்கொள். "ஏதாவது நடந்தால் உங்களிடம்தான் வந்து சொல்வேன் அப்பா, சொன்னதற்காக என்னை நிறுத்திவிடாதீர்கள்." இந்தக் கடிதத்தை அவர் படிப்பார் என்றால் அவருக்கும் சொல்கிறேன், ஐயா, இந்த ஒரு வாக்கை மட்டும் கொடுங்கள், நீங்கள் தினமும் பைக்கில் விடுவதைவிட அது பெரிய பாதுகாப்பு.

காலையில் கூட்டம் தாங்க முடியவில்லை என்றால் இன்னொன்றையும் தெரிந்து வைத்துக்கொள். அடிக்கடி பஸ் வருகிற ரூட்டில், கொஞ்சம் தாமதமாகிற பஸ்ஸுக்கு ஸ்டாப்பிங்கில் ஆள் கூடுதலாகச் சேர்ந்திருப்பார்கள், அவர்கள் ஏற நேரம் ஆகும், அதனால் இன்னும் தாமதம், இன்னும் கூட்டம். பின்னால் வருகிற பஸ்ஸுக்கு ஆள் குறைவு, அது வேகமாக வந்து முன்னதை எட்டிப் பிடித்துவிடும். நியூவெல், பாட்ஸ் என்ற இருவர் 1964இலேயே இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ரொம்ப நேரம் காத்திருந்து பிதுங்கி வழிகிற பஸ் ஒன்று வந்தால், அடித்துப் பிடித்து ஏறாமல் சில நிமிடம் பொறுத்துப் பார், காலியான ஒன்று பின்னாலேயே வருவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. பதினைந்து நிமிடம் முன்னால் கிளம்பியிருந்தால்தான் இந்தப் பொறுமை சாத்தியம்.

பஸ் எனக்கான இடமே இல்லை என்று எழுதியிருந்தாய். கணக்குப் பாடத்தில் முக்கோணத்தோடு வருகிறாரே பாஸ்கல், அவருடைய யோசனையில்தான் 1662இல் பாரிஸில், குறிப்பிட்ட வழியில், குறிப்பிட்ட நேரத்துக்கு, கட்டணம் கொடுத்து ஏறுகிற குதிரை வண்டிகள் ஓடின. ஆனால் சிப்பாய்கள், வேலைக்காரர்கள், உடலுழைப்பாளிகள் ஏறக் கூடாது என்று தடை போட்டார்கள். அது நீடிக்கவில்லை. 1826இல் பிரான்சின் நாந்த் நகரில் ஸ்தானிஸ்லாஸ் போத்ரி என்பவர், ஊருக்கு வெளியே இருந்த தன் குளியல் இல்லத்துக்கு ஆட்களைக் கூட்டிப்போக வண்டி விட்டார், ஏறியவர்கள் குளிக்க வராமல் வழியிலேயே அவரவர் வேலைக்கு இறங்கிக்கொண்டார்கள். அதைப் பார்த்து அவர் வண்டியையே தொழிலாக்கினார். அந்த வண்டிகளுக்கு வந்த பெயர் ஆம்னிபஸ், லத்தீனில் "எல்லோருக்கும்" என்று பொருள். அதன் வால்தான் நாம் சொல்கிற பஸ். உனக்கும் சேர்த்துத்தான் மா அந்தப் பெயர்.

கல்லூரி திறந்து மூன்று நான்கு வாரம் தினமும் போய்வந்த பிறகும் இரவில் தூக்கம் வராமல், காலையில் வாந்தி வந்து, வகுப்பைத் தவிர்க்கும் அளவுக்கு இருந்தால், தாமதிக்காமல் உன் கல்லூரி ஆலோசகரையோ மனநல மருத்துவரையோ பார். அது நீ தோற்றுப்போனதாக ஆகாது, சிலருக்குக் கூட ஒரு ஆள் இருந்து படிப்படியாகப் பழக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

வருகிற சனிக்கிழமை மதியம் அப்பாவுக்கு நேரம் இருக்கிறதா என்று இன்றைக்கே கேள். இரண்டாவது தடவை போய்வந்ததும், தாளில் எழுதிய அந்த நிமிடக் கணக்கை எனக்கு எழுதி அனுப்பு.